ரப்பர் கன்றைப் புது மண்ணுக்குப் பழக்குவது

நாற்றங்கால் வாசலைத் தாண்டுவதற்குள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எந்த ரகம் நல்ல ரகம்?" நான் பதிலுக்கு, "உங்கள் இடத்தில் வருடத்திலேயே மோசமான மாதம் எது?" என்று கேட்பேன். கன்று வாங்க வந்தவனிடம் ஜாதகம் கேட்கிறீர்களே என்று ஒருவர் அலுத்தே போனார். ஆனால் 22 வருடம் ஒட்டுக் கட்டி, கன்று விற்று, விற்ற கன்றுகளில் சிலவற்றைப் பின்னாலேயே போய்ப் பார்த்தும் வந்துவிட்ட எனக்கு, முதலில் கேட்க வேறு கேள்வி தோன்றவில்லை.

இதைக் கற்றுக்கொண்டது என் தவறிலிருந்துதான். ஒரே தாய்த்தோட்டத்தில் வெட்டிய மொட்டுக்குச்சி (ஒட்டுக்கான மொட்டு எடுக்கும் குச்சி), ஒரே வாரத்தில் கட்டிய ஒட்டு, எல்லாம் ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரகம். அந்தக் கன்றுகளை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒருவருடையது மழை தாராளமாகப் பெய்யும் சரிவு. இன்னொருவருடையது வருடத்தில் நான்கைந்து மாதம் சொட்டு மழை விழாத மேட்டு நிலம். இரண்டாம் வருட முடிவில் போய்ப் பார்த்தேன். சரிவில் நின்ற கன்றின் தண்டு என் மணிக்கட்டு மொத்தம். மேட்டில் நின்றது கட்டைவிரல் மொத்தம். அதிலும் பாதிக்கு மேற்பட்டவற்றில் மேற்குப் பக்கத்துப் பட்டை வெயிலில் வெந்து பிளந்திருந்தது. "கன்று ஏமாற்றிவிட்டது" என்றார் மேட்டுக்காரர். கன்று ஏமாற்றவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கொடுத்தது நான்.

ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876-ல் ஹென்றி விக்காம் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை ஏறக்குறைய 2,700. ஆசியாவில் இன்று நிற்கும் ரப்பரில் பெரும்பகுதி அந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுதான். அதனால் ரகத்துக்கு ரகம் குணம் மாறினாலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை விருப்பம் ஒன்றே: வருடத்துக்கு 2,000 மி.மீ.க்குக் குறையாமல் பல மாதங்களில் பரவிப் பெய்யும் மழை, சராசரியாக 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஒரு மீட்டராவது ஆழம் உள்ள, நீர் தேங்காத, அமிலத்தன்மை சற்றே உள்ள மண். இவை எல்லாம் கிடைக்கும் இடத்தில் எந்த ரகத்தை வைத்தாலும் பெரிய தவறு நடக்காது. இவற்றில் ஒன்று குறையும் இடத்துக்குத்தான் இந்தக் குறிப்பு.

ரகத்தைத் தேர்ந்தெடுக்க

பெயரின் முன்னெழுத்து ரகம் பிறந்த இடத்தைச் சொல்லும். ஆர்ஆர்ஐஐ என்றால் கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம். ஆர்ஆர்ஐஎம் மலேயாவின் ஆராய்ச்சி நிலையம். பிபி, அதே மலேயாவின் பிராங் பெசார் தோட்டம். ஜிடி, ஜாவாவின் கொண்டாங் தாப்பென் தோட்டம். பிறந்த இடம் தெரிந்தால் பாதி குணம் தெரிந்தது போல என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆர்ஆர்ஐஐ 105, ஆர்ஆர்ஐஎம் 600 இரண்டுக்கும் தாய்வழி ஒன்றே, ஜாவாவின் டிஜிர் 1 என்ற ரகம். ஆனாலும் வெயிலில் இரண்டும் இரண்டு விதம்.

ஆர்ஆர்ஐஐ 105 நல்ல மழை, நல்ல மண் கிடைத்தால் பாலை அள்ளிக் கொடுக்கும். நீண்ட வறட்சியிலும் குளிரிலும் திணறும். ஆர்ஆர்ஐஎம் 600 அந்த இரண்டையும் அதைவிடத் தாங்கும். பதிலுக்கு, விடாது பெய்யும் மழையில் பைட்டோப்தோரா பூஞ்சை வந்து இலையை உதிர்த்துவிடும். ஆர்ஆர்ஐஐ 430, 105-ஐயும் இலங்கையின் ஆர்ஆர்ஐசி 100-ஐயும் கலந்து பிறந்தது. 105-ன் பிள்ளைதான் என்றாலும் வறட்சியில் அதைவிட நன்றாக நிற்கிறது. குளிர் என்றால் ஜிடி 1 பழைய பெயர். சீனாவின் யுன்னானில் அது நெடுநாளாக நிற்பதற்குக் காரணம் அதன் குளிர் தாங்கும் குணம். திரிபுரா போன்ற வடகிழக்குப் பகுதிக்கு ஆர்ஆர்ஐஐ 208, 429 என்று வேறு பெயர்கள் வரும். புயல் அடிக்கும் ஹைனான் தீவில் பிஆர் 107 என்ற ரகத்தை வைத்ததும் காற்றைத் தாங்கும் என்பதற்காகத்தான்.

ஆகவே மோசமான மாதம் வறண்ட மாதமா, குளிர் மாதமா, ஓயாத மழை மாதமா, காற்று மாதமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ரகத்தை அதற்காகத் தேர்ந்தெடுங்கள். நல்ல மாதங்களைக் கன்று தானே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. நிலம் முழுவதும் ஒரே ரகம் வைக்காதீர்கள். 1980-களில் இலங்கையில் கோரினிஸ்போரா என்ற இலை நோய் வந்தபோது ஆர்ஆர்ஐசி 103 தோட்டங்கள் அப்படியே போயின. அதற்கு முன்பு நம்பிக்கையோடு நட்ட ரகம் அது. மூன்று ரகமாவது வையுங்கள், ஆனால் ஒரே வரிசையில் கலக்காமல், பாத்தி பாத்தியாக. வேகமாக வளரும் ரகம் மெதுவாக வளர்வதை நிழலில் அமுக்கிவிடும்.

வேர் யாருடையது?

ஒட்டுக் கன்றில் மேலே இருப்பதுதான் ரகம். கீழே இருப்பது ஏதோ ஒரு விதையில் முளைத்த வேர். 1910-களில் ஜாவாவில் மொட்டு ஒட்டு முறை வந்த நாளிலிருந்து இன்றுவரை இதுதான் நிலைமை. ஒரே ரகத்தில் நூறு கன்று வைத்தால் மேலே நூறும் ஒன்று, கீழே நூறும் வேறு வேறு. பக்கத்துப் பக்கத்துக் குழியில் ஒன்று ஓங்கியும் ஒன்று சவலையாகவும் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மண்ணுக்குப் பழக வேண்டியது முதலில் வேர். ஆனால் வாங்க வருகிறவர்கள் வேரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது எனக்குப் பழைய ஆதங்கம்.

நான் செய்வது இது. விதை விழுந்த சில நாட்களுக்குள் மணல் பாத்தியில், தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி பரப்பிவிடுவேன். ரப்பர் விதைக்குப் பொறுமை கிடையாது. ஒரு வாரம், பத்து நாள் சும்மா கிடந்தாலே முளைக்கும் தெம்பு வேகமாகக் குறையும். முதல் இரண்டு வாரத்தில் முளைப்பதை மட்டும் எடுப்பேன். பிந்தி முளைப்பதைப் பாவம் பார்க்காமல் ஒதுக்கிவிடுவேன். பைக்கு மாறிய பிறகு, ஒட்டுக் கட்டுவதற்கு முன் இன்னொரு முறை களை எடுப்பது போல மெலிந்த நாற்றை எல்லாம் கழிப்பேன். இரண்டு கழிவும் சேர்த்தால் நூற்றில் இருபத்தைந்து, முப்பது போய்விடும். கன்று வாங்கும் இடத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனையைக் கழித்தீர்கள்?" என்பதுதான். எதையும் கழிக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

தட்டைப் படிக்க

ரப்பர் கன்று தொடர்ந்து வளராது. விட்டு விட்டு வளரும். நுனி மொட்டு விழித்ததும் தண்டு சரசரவென்று நீளும், அதன் உச்சியில் கொத்தாக இலை வரும். அந்தக் கொத்தைத்தான் தட்டு என்கிறோம். முதலில் செம்பு நிறத்தில் தொங்கும். அப்புறம் வெளிர்பச்சையாகி, அப்போதும் துவண்டே இருக்கும். கடைசியில் கரும்பச்சையாகி, விறைத்து, கிடையாக நிற்கும். கொஞ்ச நாள் ஓய்வு. மறுபடி அடுத்த தட்டு. நல்ல காலத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்தாறு வாரம் ஆகும்.

கன்று ஒரு இடத்துக்குப் பழகிவிட்டதா என்பதை இந்தத் தட்டுகளுக்கு இடையே உள்ள தண்டின் நீளத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே முழம் அளவு இருந்தால் அந்த மாதம் சுகம். நாலு விரல்கடை இருந்தால் அந்த மாதம் கன்று பட்டினி. புதுத் தோட்டத்துக்குப் போனால் நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கீழிருந்து மேலே விரலால் அளந்துகொண்டே போவேன். நட்டதும் ஒரு குட்டை இடைவெளி இருக்கும். அது நடவு அதிர்ச்சி. எல்லாக் கன்றிலும் உண்டு. அடுத்த இடைவெளி நீண்டிருந்தால் வேர் பிடித்துவிட்டது. அடுத்ததும் குட்டை, அதற்கடுத்ததும் குட்டை என்றால் ரகமோ குழியோ பராமரிப்போ எங்கேயோ பிசகு. வரிசையாக எல்லாக் கன்றிலும் ஒரே உயரத்தில் குட்டை இடைவெளி இருந்தால் அது வானிலை. ஒரு கன்றில் மட்டும் என்றால் அதன் வேர்.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. கன்றைத் தொட வேண்டிய நேரத்தையும் உச்சித்தட்டுதான் சொல்லும். உச்சித்தட்டு விறைத்து, ஓய்வில் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள், இறக்குங்கள், நடுங்கள். செம்பு நிறத்தில் தொங்கும்போது நட்டால் அந்தத் தளிர் முழுவதும் கருகி விழும். கன்று பிழைக்கும், ஆனால் ஒரு தட்டுக் காலத்தை இழந்துவிடும். மழை வந்துவிட்டது, வண்டி வந்துவிட்டது, ஆள் வந்துவிட்டார் என்று அவசரப்படுகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். பத்து நாள் பொறுத்தால் தட்டு விறைத்துவிடும்.

நாற்றங்காலை விட்டு வெளியே

பழக்குவது என்பது பெரும்பாலும் இந்த நாலைந்து வாரத்தில்தான் நடக்கிறது. நிழல்வலைக்கு அடியில், வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த கன்றை அப்படியே திறந்த வெயிலில் வைத்தால் இலை வெளுத்து ஓரம் கருகும்.

நடுவதற்கு ஐந்து வாரம் முன்பு நிழலைப் பாதியாகக் குறைக்கிறேன். கடைசி இரண்டு வாரம் முழு வெயில். தழைச்சத்து உரத்தை அப்போதே நிறுத்திவிட வேண்டும். கொடுத்தால் தளதளவென்று தளிர் விடும், தளிர் வெயிலுக்கு ஆகாது. தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைக்கிறேன். மதியத்தில் இலை கொஞ்சம் தளர்ந்தாலும் மாலையில் நிமிர்ந்தால் சரி. மாலையிலும் நிமிரவில்லை என்றால் அளவு தாண்டிவிட்டோம்.

பாலிதீன் பைக் கன்றில் இன்னொரு வேலை உண்டு. ஆணிவேர் பையைத் துளைத்துக் கீழே மண்ணுக்குள் போயிருக்கும். நடும் அன்று பையைத் தூக்கினால் அது படீரென்று அறுந்து, கன்று அன்றே வாடும். அதனால் மூன்று வாரம் முன்பே ஒவ்வொரு பையையும் ஒரு முறை அசைத்து இடம் மாற்றி வையுங்கள். அறுவது அப்போதே அறுந்து, பைக்குள் புது வேர் வந்துவிடும். பைக்குப் பதில் கப்பில் (அடியில் துளையுள்ள சின்னக் குவளை) வளர்ந்த கன்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. கப்பின் அடியில் வேர் காற்றுப் பட்டுத் தானாகக் காய்ந்து, பக்கவேர் நிறைய வரும். ஆனால் கப்பில் வேர் வளர இருக்கும் ஊடகம் கொஞ்சம். நட்ட பிறகு ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் பைக் கன்றைவிட முதலில் வாடுவது அதுதான். வறண்ட இடத்துக்குப் போகிறவர்களுக்கு நான் இரண்டு மூன்று தட்டு வந்த பைக் கன்றையே கொடுக்கிறேன்.

நட்ட பிறகு: எந்த மாதத்துக்கு எந்தக் காவல்

குழி 75 செ.மீ. நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணும் மக்கிய உரமும் கொஞ்சம் ராக் பாஸ்பேட்டும் போட்டு நிரப்ப வேண்டும். ஒட்டு மண்ணுக்குச் சற்று மேலே இருக்கட்டும். ஒட்டுப் பக்கம் பிற்பகல் வெயில் படாத திசையில் இருக்கும்படி திருப்பி வையுங்கள். அடியில் சுருண்ட வேர் இருந்தால் கத்தியால் நறுக்கிவிட்டு வையுங்கள். சுருண்ட ஆணிவேர் பிற்பாடு நிமிராது. இதெல்லாம் எல்லா நிலத்துக்கும் பொது.

மோசமான மாதம் வறண்ட மாதம் என்றால், முதல் மழையிலேயே நட்டுவிடுங்கள். மழை முடிவதற்குள் மூன்று தட்டாவது புதிதாக வந்திருக்க வேண்டும். மழை நின்றதும் கன்றைச் சுற்றி இலைதழை மூடாக்கு. ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி, இல்லாவிட்டால் கரையானும் அழுகலும் வரும். முதல் வருடம் மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி. இரண்டாம் வருடத்திலிருந்து பழுப்பான பட்டைக்கு வெள்ளையடித்துவிடுங்கள்: சுண்ணாம்பு போதும். பச்சைத் தண்டில் அடிக்க வேண்டாம். என் மேட்டுக்காரர் இந்த வெள்ளையடிப்பைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்காமல் செய்திருந்தால் அவர் கன்றுகளில் பாதி வெந்திருக்காது. வெந்த பட்டை ஆறினாலும் அந்த இடம் பலவீனம். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு காற்றில் அங்கேதான் முறியும். மண்ணை மூடிப் படரும் மூடுபயிராக முகூனா பிராக்டியேட்டா என்ற கொடியைப் போட்டால் கோடையிலும் பச்சையாக இருக்கும், ஆனால் அது கன்றின் மேலேயே ஏறிவிடும். மாதம் ஒரு முறை கன்றைச் சுற்றி விலக்கிவிட ஆள் இல்லை என்றால் போடாதீர்கள்.

குளிர் என்றால் கதை வேறு. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் கன்று வளர்ச்சியை நிறுத்திவிடும், நுனி கருகும். குளிர்க்காற்று கனமானது, இரவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பள்ளத்தை விட்டுவிட்டுச் சரிவின் நடுவில் நடுங்கள். குளிர் தொடங்க இரண்டு மாதம் முன்பே தழைச்சத்தை நிறுத்துங்கள், உச்சித்தட்டு விறைத்த நிலையில் குளிருக்குள் போகட்டும். நுனி கருகினால் உடனே வெட்டாதீர்கள். குளிர் முழுக்க முடிந்து, எதுவரை உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, உயிருள்ள இடத்தில் சாய்வாக வெட்டி, பூஞ்சையைத் தடுக்கும் தாமிரப் பசை தடவி, வருகிற துளிர்களில் ஒன்றை மட்டும் விடுங்கள். அவசரப்பட்டு முதல் வாரமே வெட்டிய ஒருவருக்கு அதே குளிரில் மூன்று முறை வெட்ட வேண்டி வந்தது.

ஓயாத மழை நிலத்தில் முதல் எதிரி தேங்கும் நீர். குழிக்குள் நீர் நின்றால் கீழ்த்தட்டு மஞ்சளாகும். பசிக்கிறது போலிருக்கிறது என்று உரம் போடுவார்கள், வடிகால் வெட்ட வேண்டிய இடத்தில். பச்சைத் தண்டு மழையில் கருத்து அழுகினால் ஒரு சதவீத போர்டோ கலவை தெளியுங்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். கிளை பிரியும் கவட்டில் சிலந்தி நூல் போல வெள்ளையாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும் படர்ந்தால் அது பிங்க் நோய். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு வரும், ஆர்ஆர்ஐஐ 105 வைத்தவர்கள் ஒவ்வொரு மழையிலும் கவட்டை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதே கலவையைப் பத்து சதவீதப் பசையாக்கித் தடவினால் நிற்கும்.

காற்று நிலத்துக்குச் சுருக்கமாக: 2.5 மீட்டர் உயரம் வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். அதற்கு மேலும் கிளைக்காமல் ஒற்றைக் குச்சியாக ஓடினால், உச்சித்தட்டின் விறைத்த இலைகளை மேலே மடக்கி மொட்டை மூடிக் கட்டுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பக்கமொட்டு விழிக்கும். சாய்ந்த கன்றை அன்றைக்கே நிமிர்த்திக் கட்டினால் பிழைக்கும்.

அளப்பதற்கு ஒரு நூல்நாடா வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடத்திலிருந்து ஒட்டுக்கு மேல் 125 செ.மீ. உயரத்தில் தண்டின் சுற்றளவை ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் எழுதுங்கள், ரகம் ரகமாக. அந்த உயரத்தில் 50 செ.மீ. ஆன பிறகே பால் வெட்டலாம். நல்ல இடத்தில் ஏழு வருடம். வறண்ட, குளிர்ந்த இடங்களில் எட்டு, ஒன்பது என்று இழுக்கும். அது கன்றின் குற்றமல்ல.

கடைசியாக, போனதை நிரப்பும் வேலை. நடும்போதே நூற்றுக்குப் பத்து கன்றைப் பெரிய பையில் மாற்றி, அதே நிலத்தின் ஓரத்தில், அதே வெயிலில் வைத்திருங்கள். காலியான குழியில் முதல் வருடம் நடலாம், இரண்டாம் வருடத் தொடக்கத்திலும் நடலாம். அதற்குப் பிறகு வேண்டாம். சுற்றி நிற்கும் கன்றுகளின் நிழலில் அது குச்சியாக நீண்டு நிற்கும், ஒருநாளும் 50 செ.மீ. ஆகாது. இதைச் சொன்னாலும் நாலாம் வருடம் கன்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. நான் விற்பதில்லை.